வலது மூலையில் ஒரு வெளியூர் ஆள்

(ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைப் பகுதியில் தமிழர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த ஊருக்கு மகாகணபதியைத் தரிசிக்க வருகிறவர்கள் அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். அஷ்டவிநாயகத் தலங்களில் இது ஒன்று. அடுத்த கோயிலுக்கு வண்டி காத்திருக்கும். புனே–அகமதுநகர் நெடுஞ்சாலையில் இறங்கித் தொழிற்பேட்டைக்குள் நடக்கிறவர்கள் அப்படித் திரும்புவதில்லை. ஃபியட்டின் கார் ஆலை, எல்ஜி, வேர்ல்பூல், ஹையர் என்று இங்கே கம்பெனிப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த கேட். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம் மாறும், கேன்டீன் சாப்பாடு மாறும், சூப்பர்வைசரின் குரல் மாறும். கையில் இருக்கிற தொழில் மட்டும் மாறாது.

இன்றைய பேச்சு அப்படி ஒரு தொழிலாளியைப் பற்றியது. எதிராளியின் கணுக்காலைப் பிடிப்பது அவர் தொழில்.

தர்மராஜ் சேரலாதன். 1975இல் பிறந்தவர், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், கபடியில் ரைட் கார்னர். புரோ கபடி லீக் 2014 ஜூலை 26 அன்று மும்பையில் தொடங்கியபோது அவருக்கு 39 வயது. அந்த வயதில் பெரும்பாலான கபடிக்காரர்கள் முழங்காலில் கட்டுப்போட்டுக்கொண்டு, ஊர்ப் பையன்களுக்கு விசில் ஊதிக்கொண்டிருப்பார்கள். சேரலாதனுக்கோ அப்போதுதான் தொழில்முறை ஆட்டம் என்ற ஒன்றே கண்ணில் தென்பட்டது. தொடக்கத்தில் பெங்களூரு புல்ஸ் அணியில் ஆடினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. 2016இல் பாட்னா பைரேட்ஸ். 2017இல் புனேரி பல்தான். 2018இல் யு மும்பா. 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ். கொரோனா இடைவெளிக்குப் பின் 2021 டிசம்பரில் தொடங்கிய எட்டாவது சீசனில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ். நான்காவது முதல் எட்டாவது வரை வரிசையாக ஐந்து சீசன், ஐந்து பனியன். கடைசிப் பனியனைப் போட்டபோது வயது 46.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் மனசு என்ன சொல்லும்? ஓரிடத்தில் நிலைக்காத ஆள், எந்த அணியும் வைத்துக்கொள்ள விரும்பாத ஆள் என்றுதான் சொல்லும். அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்ப்பதற்காகத்தான் இந்த மாலை.

அதற்கு முதலில் கார்னர் என்பவருக்கு என்ன வேலை என்று தெரிய வேண்டும்.

கபடி பார்க்கிறவர்களின் கண் ரைடர் மேலேயே இருக்கும். பாடிப் போகிறவன், தொடுகிறவன், ஏழு பேரை ஏய்த்துவிட்டு நடுக்கோட்டுக்குத் தாவுகிறவன். நம் சினிமாவும் அவனைத்தான் கதாநாயகனாக்கும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025இல் வந்த ‘பைசன்’ படத்தின் நாயகனும் பாடிப் போகிறவன்தான். பிடிக்கிறவனை வைத்துப் படம் எடுப்பது கஷ்டம். ஒரு ரைடின் முப்பது விநாடியில் இருபத்தைந்து விநாடி அவன் சும்மா நிற்பதுபோலத்தான் தெரியும்.

சும்மா நிற்கவில்லை. ஆண்கள் ஆடும் களத்தின் நீளம் 13 மீட்டர்; ஆளுக்குப் பாதி என்றால் ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரைடர் தாண்டியாக வேண்டிய பாக் லைன். அதிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே மிஞ்சுவது 1.75 மீட்டர். ரைடர் உள்ளே வரும்போது கார்னர்காரரின் உலகம் இந்த 1.75 மீட்டர் பட்டைதான். ஒரு அடி பின்னால் போனால் கோட்டுக்கு வெளியே. ஒரு அடி முன்னால் போனால் ரைடரின் கை நீளத்துக்குள்ளே.

களத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால் ரைடர் போனஸ் எடுக்கலாம். அதற்கு அவர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மறுகாலைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். அந்தக் கணத்தில் அவர் உடம்பின் மொத்த எடையும் ஒற்றைக் காலில். கார்னர் காத்திருப்பது அதற்குத்தான். குனிந்து, தோளை உள்ளே கொடுத்து, இரண்டு கையாலும் கணுக்காலைப் பூட்டுவார். ஆங்கிள் ஹோல்டு என்று மைதானத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான். சரியாக விழுந்தால் ரைடர் நகர முடியாது, நடுப்பக்கம், கவர் என்ற இடத்தில் நிற்கிறவர் ஓடிவந்து இடுப்பை அணைப்பார், முடிந்தது. கைக்குக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி.

கால் விநாடி முந்தினால் என்ன ஆகும்? ரைடர் காலை உருவிக்கொண்டு குதிப்பார். பிடித்த கார்னர் வெளியே. கைகொடுக்க ஓடிவந்து ரைடர்மேல் பட்ட கவரும் வெளியே. ரைடருக்கு இரண்டு புள்ளி. அதாவது, தடுப்பாட்டக்காரர் சரியாகச் செய்தால் ஒன்று வருகிறது, தப்பாகச் செய்தால் இரண்டோ மூன்றோ போகிறது. இப்படி ஒரு கணக்கில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு முதலில் வேண்டியது பொறுமை. லீக் கொண்டுவந்த ‘டூ ஆர் டை’ விதி இந்தப் பொறுமைக்கு இன்னும் விலை ஏற்றியது. தொடர்ந்து இரண்டு ரைடு புள்ளி இல்லாமல் போனால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் வெளியே. ஆகவே நல்ல கார்னர் முதல் இரண்டு ரைடிலும் ஆசைப்பட மாட்டார். இளவட்டங்களுக்கு அங்கேதான் கை துறுதுறுக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கார்னரும் பக்கத்தில் நிற்கிறவரும் கைகோர்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். அது பார்வைக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக அல்ல. கார்னர் முன்னே பாய நினைத்தால் அந்த எண்ணம் விரல் வழியாகப் பக்கத்து ஆளுக்குப் போக வேண்டும். ரைடர் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டிருக்க, கூட்டம் கத்திக்கொண்டிருக்க, வாயால் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. விரலை ஒரு தடவை அழுத்தினால் ‘வேண்டாம், பொறு’. கையை விட்டால் ‘போறேன், வா’. ஒவ்வொரு ஜோடிக்கும் இதில் ஒவ்வொரு வழக்கம். பல வருடம் சேர்ந்து ஆடினால்தான் இது படியும் என்பார்கள். சேரலாதன் ஒவ்வொரு சீசனிலும் வேறொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சேரலாதன் பழகியது மண் கபடி. காவிரிப் படுகையில் கபடி என்றால் கோயில் திருவிழா, இரவு முழுக்கக் குழல்விளக்கு, மைக் செட்டில் ஊர்ப் பெரியவர்களின் பெயர்கள், விடியற்காலையில் இறுதி ஆட்டம். அந்த ஆட்டங்களில் ‘வெளியூர் ஆளை இறக்குவது’ பழைய பழக்கம். நம் அணியில் ரைடர் இருக்கிறான், பிடிக்க ஆளில்லை என்றால் பக்கத்து ஊரில் பேர் வாங்கிய கேட்சரைப் போய்க் கூட்டிவருவார்கள். பஸ் செலவு, சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். அவர் வந்து இறங்குகிறபோது மணி ஒன்பது, ஆட்டம் பத்துக்கு. யார் பக்கத்தில் நிற்கப் போகிறார்கள் என்றே தெரியாது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பேரின் பழக்கத்தைப் புரிந்துகொள்கிறவர்தான் அடுத்த திருவிழாவுக்கும் கூப்பிடப்படுவார். லீக் வந்ததும் அந்த வெளியூர் ஆளுக்கு ஏலம், ஒப்பந்தம், தொலைக்காட்சி எல்லாம் கிடைத்தன. வேலை என்னவோ பழைய வேலைதான்.

2016ஆம் ஆண்டுக்கு வருவோம். சேரலாதனின் வாழ்க்கையில் அது உச்சம்.

பாட்னா பைரேட்ஸ் அந்த ஆண்டு மார்ச்சில், மூன்றாவது சீசனில், முதல் முறையாகக் கோப்பை வென்றிருந்தது. அப்போதைய கேப்டன் மன்பிரீத் சிங். நான்காவது சீசன் அதே ஆண்டு ஜூனில் தொடங்கியது. அணிக்கு வந்து சேர்ந்த சேரலாதன் கேப்டன் ஆனார். ஜெயித்துக்கொண்டிருக்கிற அணியைப் புதிதாக வந்தவர் கையில் ஒப்படைப்பது சாதாரண விஷயமல்ல. ரைடு போக இளைஞர் பர்தீப் நர்வால் இருந்தார். பிடிக்க, இடது கார்னரில் ஈரானியர் ஃபசல் அத்ராச்சலி. வலது கார்னரில் தமிழர் சேரலாதன். ஒருவருக்குத் தாய்மொழி பாரசீகம், இன்னொருவருக்குத் தமிழ். ஆடுவதோ பீகார் அணிக்கு. ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37–29 என்று வென்று பாட்னா கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ஃபசலுக்கு.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக்கோப்பை. இந்திய அணியில் 41 வயது சேரலாதன். ஈரான் அணியில் ஃபசல். முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 32–34 என்று தோற்று நாடே அதிர்ந்தது. பிறகு இறுதிக்கு வந்த இந்தியா, அங்கே இடைவேளையில் ஈரானிடம் 13–18 என்று பின்தங்கியிருந்தது. பிற்பாதியில் அஜய் தாக்கூரின் ரைடுகள் ஆட்டத்தைத் திருப்பின. முடிவு 38–29, கோப்பை இந்தியாவுக்கு. ஜூலையில் ஒரே அணிக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த இரண்டு கார்னர்காரர்களில் ஒருவர் கழுத்தில் தங்கம், மற்றவர் கழுத்தில் வெள்ளி. 2018இல் யு மும்பா இருவரையும் வாங்கியது. ஃபசல் கேப்டன், இடது கார்னர். சேரலாதன் வலது கார்னர். மறுபடியும் ஒரே பனியன்.

தொழில்முறை ஆட்டத்தில் பகையும் நட்பும் ஒப்பந்தக் காலத்தைப் பொறுத்தவை என்று கசப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. இந்த இருவர் விஷயத்தில் அது பொருந்தவில்லை. எதிரணியில் இருந்த நாட்களிலும் ஒருவர் ஆட்டத்தை மற்றவர் முழுதாக அறிந்தவர். அந்த அறிவுக்கு மும்பை காசு கொடுத்தது.

இடையில் 2017. நம் ஊர் அணியான புனேரி பல்தான் அவரை வாங்கிய ஆண்டு. லீக் எட்டு அணியிலிருந்து பன்னிரண்டு அணியாகப் பெருத்த சீசன் அது; சென்னையிலிருந்து தமிழ் தலைவாஸ் புதிதாக வந்திருந்தது. தமிழ்நாட்டுக்கு ஓர் அணி கிடைத்த அதே ஆண்டில் தமிழ்நாட்டின் மூத்த தடுப்பாட்டக்காரர் மராட்டிய அணியில் ஆடினார். ஏலத்தில் இப்படித்தான் நடக்கும். யார் கையை உயர்த்துகிறார்களோ அவர்கள் ஊர்தான் உங்கள் ஊர். தீபக் நிவாஸ் ஹூடா கேப்டனாக இருந்த அந்தப் புனே அணி பிளே-ஆஃப் வரை போனது. முதல் எலிமினேட்டரில் யு.பி. யோத்தாவை 40–38 என்று இரண்டே புள்ளியில் தாண்டியது. அடுத்துக் காத்திருந்தது பாட்னா. முந்தின ஆண்டு யாருடைய ரைடுகளுக்குப் பின்னால் நின்று சேரலாதன் கோப்பையைத் தூக்கினாரோ, அதே பர்தீப் நர்வால் இப்போது எதிரே. பாட்னா 42, புனே 32.

விதி இதே விளையாட்டை இன்னொரு தடவை ஆடியது. 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸின் கேப்டனாக சேரலாதன் அணியை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். எலிமினேட்டரில் எதிரணி யு மும்பா, அதாவது முந்தின சீசனில் அவர் ஆடிய அணி. 46–38 என்று மும்பை வென்றது. விட்டு வந்த கம்பெனியின் கையாலேயே இரண்டு தடவை வெளியேற்றம்.

அந்த ஹரியானா அணியில் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. பயிற்சியாளர் ராகேஷ் குமார். 2014இல் நடந்த முதல் ஏலத்தில் 12.80 லட்சம் ரூபாய்க்கு விலைபோய், அன்றைக்கு அதிக விலை பெற்ற ஆட்டக்காரர் அவர். 1982இல் பிறந்தவர். ஆக, பயிற்சியாளருக்கு வயது 37, கேப்டனுக்கு 44. இது அந்த ஒரு அணியோடு நிற்கவில்லை. பாட்னாவில் சேரலாதனுக்கு முன்பு கேப்டனாக இருந்த மன்பிரீத் சிங் 2017இலேயே குஜராத்தின் பயிற்சியாளர் ஆகிவிட்டார். 2016 உலகக்கோப்பையில் இந்திய கேப்டன் அனுப் குமார், சேரலாதனைவிட எட்டு வயது இளையவர், 2018 டிசம்பரில் ஓய்வு பெற்று அடுத்த சீசனில் புனேரி பல்தானின் பயிற்சியாளரானார். சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டுக்கு வெளியே நாற்காலிக்கு நகர்ந்தார்கள். சேரலாதன் கோட்டுக்குள்ளேயே நின்றார். லீக்கின் மிக மூத்த ஆட்டக்காரர் என்ற பேரும், கூட ஆடுகிறவர்கள் முதல் வர்ணனையாளர்கள் வரை கூப்பிட்ட ‘அண்ணா’ என்ற பேரும் அப்படி ஒட்டிக்கொண்டவைதான். வடநாட்டுப் பையன்கள் வாயில் ‘பாய்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘அண்ணா’ வந்தது.

இப்போது காசு விஷயம். தொழிலாளிகள் கூடியிருக்கும் இடத்தில் அதைப் பேசாமல் விட முடியாது.

கபடி ஏலத்தில் ஆட்டக்காரர்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்துவிடுவார்கள். 2023இல் நடந்த ஏலத்தில் ‘ஏ’ பிரிவுக்கு அடிப்படை விலை 30 லட்சம், ‘டி’ பிரிவுக்கு 9 லட்சம். நீங்கள் எந்த எழுத்தில் இருக்கிறீர்கள் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. மேலே எவ்வளவு ஏறும் என்பதோ பெரும்பாலும் நீங்கள் ரைடரா, தடுப்பாட்டக்காரரா என்பதைப் பொறுத்தது. 2018இல் முதல் முறையாக ஆறு பேர் கோடி ரூபாயை எட்டினார்கள். அதிக விலை ஹரியானா வாங்கிய ரைடர் மோனு கோயட்டுக்கு, 1.51 கோடி. அந்த ஆறு பேரில் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஃபசல் ஒருவர்தான். காரணம் புரியாததல்ல. ஒரே ரைடில் ரைடர் மூன்று, நான்கு புள்ளி கொண்டுவந்துவிடலாம். பிடிக்கிறவருக்கு ஒன்று, மூன்று பேரோ அதற்குக் குறைவோ களத்தில் நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று இரண்டு. புள்ளிப் பட்டியலை வைத்து விலை பேசினால் தடுப்பாட்டம் தோற்கத்தான் செய்யும். பிடிக்காமல் நின்று ரைடரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதற்குப் பட்டியலில் இடமே இல்லை.

அந்த நிலைமை கொஞ்சம் மாறியும் இருக்கிறது. 2023இல் புனேரி பல்தான் ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயிக்கு 2.35 கோடி கொடுத்தது. இடது கார்னர்காரர், ரைடும் போவார். 2024 மார்ச் 1 அன்று ஹைதராபாத்தில் ஹரியானாவை 28–25 என்று வென்று புனே முதல் முறையாகக் கோப்பை எடுத்தது. கேப்டன் அஸ்லாம் இனாம்தார், இதே நெடுஞ்சாலையில் நமக்கு அடுத்துள்ள அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்துக்காரர். அடுத்த சீசனில் ஷாத்லூயி எங்கே? ஹரியானாவில், 2.07 கோடிக்கு. அந்த ஆண்டு கோப்பையும் ஹரியானாவுக்கு. இறுதி ஆட்டம் நடந்தது புனேயில், பாலேவாடியில். விலை கோடியில் இருந்தாலும் பெட்டியைக் கட்டுகிற வேலை எல்லோருக்கும் உண்டு.

இது கபடியோடு நிற்கிற சங்கதியும் அல்ல. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கில் மிஷெல் பெட்டி என்ற கனடாக்காரத் தடுப்பாட்டக்காரர் இருந்தார். வான்கூவர், நியூயார்க், கியூபெக், டொரோன்டோ என்று தொடங்கிப் பத்து அணிகளுக்கு ஆடியவர். மைக் சில்லிங்கர் என்ற இன்னொருவர் பன்னிரண்டு அணிகளுக்கு ஆடியிருக்கிறார். அங்கே ஏலம் இல்லை, பரிமாற்றம். ஒப்பந்தத்தில் தடை எழுதி வாங்காதவரை, காலையில் ஓர் ஊரில் பயிற்சி முடித்த ஆளைச் சாயங்காலம் வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொல்ல முடியும். அதே லீக்கில் கிறிஸ் செலியோஸ் என்ற தடுப்பாட்டக்காரர் 2010இல், தன் 48ஆவது வயதில், அட்லாண்டா அணிக்காகக் களமிறங்கினார். இங்கேயும் அங்கேயும் முதிய வயதுவரை நிலைத்தவர் தடுப்பாட்டக்காரராக இருப்பது தற்செயல் இல்லை. பாய்கிற கால் முதலில் தளரும். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த கண் கடைசியில்தான் மங்கும்.

நம் தமிழர்களிலேயே இதற்கு இன்னொரு சான்று ஜீவா குமார். கவரில் நிற்கிறவர். யு மும்பாவுடன் 2015இல் கோப்பை. 2019இல் பெங்கால் வாரியர்ஸுடன் கோப்பை. எட்டாவது சீசனில் தபாங் டெல்லியுடன் மூன்றாவது கோப்பை. அந்த டெல்லி அணியின் தடுப்பாட்ட வரிசையைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள்: ஜீவா குமார், மஞ்சீத் சில்லர், ஜோகிந்தர் நர்வால், சந்தீப் நர்வால். எல்லோரும் ஊர் ஊராகச் சுற்றி வந்த பழம்பெரும் கைகள். 2022 பிப்ரவரி 25 அன்று பெங்களூரில், பார்வையாளர் இல்லாத அரங்கில், பாட்னாவை 37–36 என்று ஒரு புள்ளியில் அவர்கள் வென்றார்கள். ஜெயிப்பதற்கு ஒரு புள்ளி போதுமாக இருந்தது. அந்த ஒரு புள்ளியை விட்டுவிடாமல் இருக்க இத்தனை அனுபவசாலிகள் வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் வேர்விட்டு வளர்வதிலும் பலம் உண்டு. 2024இல் கோப்பை வென்ற புனே அணியில் கவரில் நின்ற அபினேஷ் நடராஜன் தமிழ்நாட்டுப் பையன். எட்டாவது சீசனில் புனேக்கு வந்தவர் அங்கேயே இருந்து வளர்ந்தார். இளைஞர்களைச் சின்ன வயதிலேயே எடுத்துத் தன் அகாடமியில் வளர்ப்பது புனேயின் வழி. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நிற்கிற கைகள் அவை, பேசாமலே புரிந்துகொள்ளும். அவர்களுக்கு ரசிகர் கூட்டம் உண்டு, பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஊர் உண்டு. சேரலாதனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. பாட்னாக்காரர்களும் மும்பைக்காரர்களும் அவரைத் தங்கள் ஆள் என்று ஒரு சீசனுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள், அதோடு சரி. அலைந்து பிழைத்ததற்கான செலவு அது. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் எந்த அணியும் வைத்துக்கொள்ள விரும்பாத ஆள் என்று தொடக்கத்தில் ஒரு தீர்ப்பு எழுந்ததே, அதை இப்போது திருப்பிப் பார்க்கலாம். வேண்டாத ஆளை யாரும் வாங்குவதில்லை. அதுவும் நாற்பதைத் தாண்டிய ஆளை, வருடம் தவறாமல், வேறு வேறு முதலாளிகள். இரண்டு அணிகள் வந்த வருடமே கேப்டன் பதவியைக் கொடுத்தன. ஏன்? ஒவ்வொரு சீசனிலும் பாதி அணி புதிய ஆட்களாக இருக்கும். ஆட்டம் தொடங்க வாரக்கணக்கில்தான் அவகாசம். அதற்குள் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களைக் கைகோர்த்து நிற்கப் பழக்க வேண்டும். எப்போது பாயக் கூடாது என்று சொல்லித்தர வேண்டும். அந்த வேலைக்கு, எந்தக் கையோடும் சீக்கிரம் சேர்ந்துவிடுகிற ஒரு கை தேவைப்பட்டது. பாட்னாவிலிருந்து ஜெய்ப்பூர்வரை ஐந்து முதலாளிகள் விலை கொடுத்தது அந்தத் திறமைக்கு. ஓரிடத்திலேயே இருந்திருந்தால் அந்தத் திறமை வளர வழியே இல்லை.

சரி, சொந்த ஊர் அணி? ஆட்டக்காரராக சேரலாதன் தமிழ் தலைவாஸின் பனியனைப் போட்டதே இல்லை. 2024இல், பதினோராவது சீசனுக்கு, உதயகுமாரோடு சேர்த்து அவரைப் பயிற்சியாளராகத் தலைவாஸ் நியமித்தது. சென்னை அணி கூப்பிட்டபோது வயது 49. அந்த சீசனில் தலைவாஸ் பிளே-ஆஃபுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடு திரும்பிய உடனே எல்லாம் கைகூடும் என்பது சினிமாவில்தான். அந்த சீசனின் மூன்றாவது சுற்று 2024 டிசம்பரில் பாலேவாடியில் நடந்தது. 2017இல் இந்த ஊர்ப் பனியனில் நின்றவர் அப்போது எதிரணியின் பெஞ்சில்.

புனேரி பல்தானின் ஆட்டம் அடுத்த முறை தொலைக்காட்சியில் வரும்போது ஒரு வேலை செய்து பாருங்கள். ரைடர் உள்ளே வந்ததும் அவரை விட்டுவிடுங்கள். திரையின் ஓரத்தில், கடைசிக் கோட்டை ஒட்டி நிற்கிற கார்னரின் காலைப் பாருங்கள். குதிகால் தரையில் படுகிறதா, பக்கத்து ஆளின் கையை எந்த விரலால் பிடித்திருக்கிறார், ரைடர் ஒற்றைக் காலில் நிற்கும்போது அவர் கை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு ரைடு ஒன்றும் நடக்காது. மூன்றாவது ரைடில் எழுந்து நின்றுவிடுவீர்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். நைட் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேட்டுவிடுங்கள்.